தறிக்காரரை அனுப்புங்கள்

ஜப்பானில் கியோத்தோ நகரத்துக்குப் போய் வந்தேன் என்று சொன்னதும் ஆரணியில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்த டிராவல்ஸ்ல போனீங்க?" எந்த டிராவல்ஸிலும் போகவில்லை. எழுபதைத் தாண்டிய இரண்டு பேர், ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். ஒருவன் ஓய்வுபெற்ற குமாஸ்தாவான நான். மற்றவர் எங்கள் எதிர்த்தெருத் தறிக்காரர். ஐம்பது வருஷமாகப் பட்டு நெய்கிறவர். டிக்கெட்டுக்கு அவர் மகன் பணம் கொடுத்தான்.

உண்மையைச் சொன்னால் முதல் பார்வையில் எனக்கு ஏமாற்றம்தான். 794 முதல் ஆயிரம் வருஷத்துக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் என்று படித்துவிட்டுப் போனேன். ரயிலை விட்டு இறங்கினால் கண்ணாடியும் இரும்புமாக ஒரு பிரம்மாண்டமான ஸ்டேஷன். பஸ்ஸில் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்னால் காசு போட வேண்டும். வண்டி நிறைய ஆள், பேச்சு மட்டும் இல்லை. "என்ன சார், எழவு வீட்டுக்குப் போற மாதிரி வர்றாங்க?" என்று நண்பர் காதில் கேட்டார். தெருவில் குப்பைத்தொட்டி கண்ணில் படவில்லை. தின்ற பொட்டலக் காகிதத்தை நாள் முழுக்கப் பையிலேயே சுமந்தோம். எந்தக் குழம்பிலும் மீன் வாசனை. கடையில் விற்ற புளிப்பு ஊறுகாய் வைத்த சோற்று உருண்டைதான் எங்களைக் காப்பாற்றியது.

மறுநாள் காலை நிஷிஜின் பகுதிக்கு நடந்தோம். அது கியோத்தோவின் நெசவாளர் பேட்டை. முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் வீடுகள். ஒரு சந்தில் நண்பர் சட்டென்று நின்றார். "சார், ஜக்கார்டு ஓடுது. ஆனா கைத்தறி இல்ல, விசைத்தறி." எனக்கு ஏதோ இயந்திரச் சத்தம்தான் கேட்டது. அவருக்கு ஊரே கேட்டது.

அங்கே நெசவுக்கென்று உள்ள மண்டபத்தில் ஓர் அம்மா நெய்துகொண்டிருந்தார். விரல் நகத்தை ரம்பப் பல்லைப் போல அராவி வைத்துக்கொண்டு, அந்த நகத்தாலேயே ஊடை நூலை இழுத்து இழுத்து நெருக்குகிறார். நண்பர் தன் விரலில் காய்த்துப்போன இடத்தைக் காட்டினார். அந்த அம்மா தொட்டுப் பார்த்துச் சிரித்தார். பிறகு அரை மணி நேரம் இருவரும் கையாலேயே பேசினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன், இங்கிலீஷும் தெரிந்தவன், நான் பையைக் காத்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் செல்போன் மொழிபெயர்ப்பு வழியாக நண்பர் ஒன்று கேட்டார்: "உங்க பிள்ளைங்க நெய்றாங்களா?" அந்த அம்மா தலையை ஆட்டினார், இல்லை என்று. இவரும் அப்படியே ஆட்டினார்.

நண்பர் வாய்க்கு வாய் சொல்லும் 'ஜக்கார்டு' ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர். லியோன் நகரத்துக்காரர். 1800களின் தொடக்கத்தில், துளையிட்ட அட்டையால் பூவேலையை இயக்கும் பெட்டியைச் செய்தவர். அது கியோத்தோவுக்கு வந்த கதைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. தலைநகரம் தோக்கியோவுக்கு மாறியதும் நிஷிஜின் பட்டுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். அப்போது, 1872இல், நெசவுத் தொழில் தெரிந்த மூன்று பேரை கியோத்தோ நிர்வாகம் லியோனுக்கு அனுப்பியது. இரண்டு பேர் ஜக்கார்டு பெட்டியும், கயிற்றை இழுத்தால் ஓடும் நாடாவும் கொண்டு திரும்பினார்கள். மூன்றாமவர் திரும்பும் வழியில் கப்பல் மூழ்கி இறந்துபோனார். அந்த நாடாவுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'பத்தான்', பிரெஞ்சிலிருந்து எடுத்த சொல்.

நான் உத்தியோகத்தில் இருந்தபோது வெளிநாட்டுப் பயணப் பில்கள் எத்தனையோ என் மேஜையைத் தாண்டிப் போயின. எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம். 'தொழில் நுணுக்கம் அறிதல்' என்று காரணம் எழுதியிருக்கும். போய் வந்தவர் அதிகாரியாக இருப்பார். அறிக்கை வரும், கோப்பில் சேரும், கட்டி வைப்போம். ஒரு பில்லிலாவது தொழில் செய்கிறவர் பெயரை நான் பார்த்ததில்லை. அது தவறென்று அன்று எனக்கும் தோன்றவில்லை.

அதிகாரிகள் போகக் கூடாது என்று சொல்லவில்லை. கூட ஒரு தறிக்காரரும் போகட்டும் என்கிறேன். பாஷை தெரியாதே என்பார்கள். பாஷை தெரிந்த நான் பார்த்தது குப்பைத்தொட்டி இல்லாத தெருவை. அவர் பார்த்தது நகத்தால் நெருக்கிய ஊடையை. அரசாங்கம் அனுப்பாவிட்டால் சங்கம் அனுப்பலாம், சம்பாதிக்கும் பிள்ளைகள் அனுப்பலாம். முழங்கால் ஒத்துழைக்கும்போதே அனுப்புங்கள். சொகுசு பஸ் வேண்டாம். ஒரு பையும் நல்ல செருப்பும் போதும்.

அந்த மண்டபத்துக் கடையில் கழுத்துப்பட்டை, சின்னப் பர்ஸ் எல்லாம் அதே நெசவுத் துணியில் விற்றார்கள். நண்பர் அங்கே எதுவும் வாங்கவில்லை, வெகுநேரம் தடவிப் பார்த்தார். போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். புடவை அறுத்தது போக மிஞ்சிய பாவில் ஒரு முழம் நெய்து வைத்திருந்தார். "பர்ஸ் தைக்கலாம் சார். வித்தா பேரனையும் தறிகிட்ட உட்கார வைக்கலாம்" என்றார்.

விற்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் அலுவலகத்துக் கோப்புகள் எதிலிருந்தும் இப்படி ஒரு முழம் வந்ததில்லை.