புழுவா? கொஞ்சம் பொறுங்க சாமி!

போன வருஷம் எங்க வீட்டுத் தொட்டியில குப்புசாமி செத்துப்போனான். குப்புசாமின்னா க்ளவுன் மீன். பேர் வெச்சது தங்கமணி. நியூஜெர்சி அபார்ட்மெண்ட் ஹால்ல 30 கேலன் உப்புத்தண்ணித் தொட்டி, கொஞ்சம் லைவ் ராக், நாலு சாஃப்ட் கோரல், இவ்வளவுதான் நம்ம சமுத்திரம். ராத்திரி ஒரு மணிக்கு ஊர் டீமோட கால் முடிச்சுட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தா, பாறைக்குப் பின்னாடி அவன் உடம்பு. அதைச் சுத்தி விரல் நீளத்துக்கு நாலஞ்சு புழு. பூரானுக்கும் கம்பளிப்பூச்சிக்கும் பொறந்த மாதிரி, கணுவுக்குக் கணு ரெண்டு பக்கமும் வெள்ளை முடி. அடப்பாவிகளா நீங்கதானா! விசாரணையே இல்லாம தீர்ப்பு எழுதிட்டேன்.

ஊர்ல எங்கப்பா முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியைப் பந்தம் கட்டிச் சுடுவார். அந்த ரத்தம் சும்மா விடுமா? தினமும் ராத்திரி இறால் துண்டைப் போட்டுக் காத்திருந்து இடுக்கியால பிடிச்சேன். மூணு வாரத்துல 60 புழு. ஒருநாள் வெறுங்கையால பாறையைத் தூக்கி, கண்ணாடிப் பஞ்சு குத்தின மாதிரி விரல் முழுக்க முள். (செல்லோடேப் ஒட்டிப் பிய்ச்சு எடுத்துட்டு வினிகர்ல முக்கணும். கையுறைதான் அதைவிடச் சுலபம்.)

ரெண்டு மாசம் கழிச்சு லாங் வீக்கெண்டுக்கு நயாகரா போயிட்டு வந்து கதவைத் திறந்தா நாத்தம். கோபி மீன் ஒண்ணு பாறை இடுக்குல செத்து அழுகிக் கிடக்கு. அம்மோனியா டெஸ்ட் கரும்பச்சை. அவசரமா தண்ணி மாத்தியும் ரெண்டு இறாலும் மிச்சமிருந்த ஒரே மீனும் போச்சு. அந்த 60 பேர் இருந்திருந்தா அந்தப் பொணத்துல பெரும்பகுதியை அழுகறதுக்கு முன்னாடியே தின்னிருப்பாங்க.

மக்களே, பிரிசில் வார்ம்ல பெரும்பாலானது துப்புரவுக்காரங்க. மிச்சமான தீனி, கழிவு, செத்தது இதுதான் அதுங்க சாப்பாடு. குப்புசாமியை அதுங்க கொல்லலை. பொணத்தை எடுக்க வந்த ஆம்புலன்ஸ்காரர் மேல கொலைக் கேஸ் போட்டிருக்கேன். 60 புழு வந்ததுக்குக் காரணமும் நான்தான். பாசத்துல ரெண்டு வேளை அள்ளி அள்ளிப் போட்டேன்; தீனி எவ்வளவோ அவ்வளவு புழு. தீனியைக் குறைச்சிருந்தா அதுவாவே குறைஞ்சிருக்கும். பொட்டி தட்டுற நமக்கு இது புரியணும். சர்வர்ல எவனோ எழுதின ஸ்கிரிப்ட் ஓடினா, என்னன்னு பார்க்காம கில் பண்ணுவோமா? (ஒரு தடவை பண்ணியிருக்கேன். அது தனிப் பதிவு.)

கடைக்காரர் மருந்து ஊத்தச் சொன்னார். நல்லவேளை ஊத்தலை. மொத்தப் புழுவும் பாறைக்குள்ள ஒரே நாள்ல செத்தா அதுவே அம்மோனியா. விசிறி விரிக்கிற ஃபெதர் டஸ்டரும் புழுதான், அதுவும் சேர்ந்து போகும்.

அதுக்காக எல்லாப் புழுவையும் கொஞ்சச் சொல்லலை. கரீபியன் பக்கத்து ஃபயர் வார்ம் உயிரோட இருக்கிற பவளத்தையே தின்னும். வெள்ளை முடிக்குப் பக்கத்துல சிவப்புக் கொத்தா செவுள், தலையில மடிப்பு மடிப்பா ஒரு கொண்டை இருந்தா அதுதான். தலையில அஞ்சு உணர்கொம்பு, உடம்பு தண்ணியில எண்ணெய் பட்ட மாதிரி மினுமினுப்புன்னா யூனிசிட் வகை. இங்கிலாந்துல நியூகீ ஊர் அக்வேரியத்துல 2009-ல பவளமெல்லாம் சேதமாகிட்டே இருக்கேன்னு பாறையைப் பிரிச்சுப் பார்த்தா உள்ளே 4 அடிப் புழு. பாரின்னு பேர் வெச்சாங்க. இந்த மாதிரி ஆளுங்க இருக்கிற பாறையை வெளியே எடுத்துத்தான் ஆகணும். துருச் சிவப்புல தட்டையா கூட்டமா இருந்தா அது ஃப்ளாட்வார்ம். அது சாகும்போது விஷத்தைக் கக்கும், அதனால மருந்துக்கு முன்னாடி முடிஞ்ச வரைக்கும் சைஃபன்ல உறிஞ்சி எடுத்துடணும்.

ஆக, பார்த்ததும் போட்டோ எடுங்க. தலையைப் பாருங்க, முடியைப் பாருங்க, எதைத் தின்னுதுன்னு ரெண்டு ராத்திரி பாருங்க. இடுக்கி எங்கேயும் ஓடிடாது.

இப்போ புது க்ளவுன் வந்தாச்சு. பேர் மாடசாமி. நண்பர் கொடுத்த லைவ் ராக் துண்டோட நாலு பிரிசில் வார்மும் குடிவந்திருக்கு. தங்கமணிக்கு இன்னும் சொல்லலை.

டிஸ்கி: ஊர்ல தொட்டி வைக்க ஆசைப்படறவங்க கவனிக்க: கல் பவளம் 2001-ல இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. ராமேஸ்வரம் போனா ஞாபகத்துக்குன்னு ஒரு துண்டைக்கூட எடுத்துட்டு வராதீங்க.