இடர் யாருக்கு?

அண்மையில் மேலாண்மைத் துறைக் கருத்தரங்கு ஒன்றில், மொழியியல் படித்தவன் என்ற முறையில் ஓர் ஓரமாக அமர்ந்திருந்தேன். ‘விநியோகச் சங்கிலி இடர் மேலாண்மை’ என்னும் தொடர் அன்று எத்தனை முறை ஒலித்ததென்று கணக்கில்லை. இடரின் வகைகள் சொல்லப்பட்டன. அளக்கும் முறைகள் சொல்லப்பட்டன. தவிர்க்கும் வழிகளும் சொல்லப்பட்டன. இடர் யாருக்கு என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

தமிழில் ‘இடர்’ என்றால் துன்பம். துன்பமெனில் அதைப் படுபவர் ஒருவர் இருந்தாக வேண்டும். ‘யாருக்கு’ என்று கேட்டால் அவரைக் காட்டிக்கொடுப்பது நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’. மேலாண்மைத் துறை இந்த உருபை விழுங்கிவிட்டது. அந்த வெற்றிடத்தில் சொல்லாமலே வந்து அமர்ந்துகொள்வது, பொருளை வாங்கும் நிறுவனம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2013 ஏப்ரல் 23 அன்று, வங்கதேசத்தின் டாக்காவை அடுத்த சாவரில், ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல்கள் காணப்பட்டன. கீழே இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களின் ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் காலை வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். கட்டடம் இடிந்தது, 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விரிசல் ஒன்றுதான். வங்கியின் கணக்கில் அது ஊழியரின் உயிருக்கு இடர்; ஆலையின் கணக்கில் ஏற்றுமதி ஆர்டருக்கு இடர். அங்கிருந்த ஆலைகளுள் சில, முன்னரே சமூகத் தணிக்கைக்கு உட்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம்.

‘நிறுவனம் நிலைத்தால்தானே தொழிலாளி பிழைப்பார்?’ என்பர். அவர்கள் பரிந்துரைக்கும் தலையாய தீர்வைப் பாருங்கள்: கொள்முதலைப் பல நாடுகளுக்குப் பிரித்துவிடு, ஓர் ஆலையில் சிக்கல் தெரிந்தால் ஆர்டரை வேறிடம் மாற்று. அறிக்கையில் இடர் தீர்ந்தது. அந்த ஆலையில் தைத்துக்கொண்டிருந்தவருக்கோ வேலையும் போயிற்று. தீர்ந்ததாகச் சொல்லப்படும் இடர் தீரவில்லை, தோள் மாறியிருக்கிறது.

மாற்று வரையறை இல்லாமலும் இல்லை. 2011-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஏற்ற வழிகாட்டு நெறிகள், நிறுவனத்துக்கு நேரும் இடரோடு நில்லாமல், மனிதர்களின் உரிமைகளுக்கு நேரும் இடரையும் ஆராய வேண்டும் என்கின்றன. விழுங்கப்பட்ட உருபு அங்கே மீட்கப்பட்டது.

நாமோ எதிர்த்திசையில் நடக்கிறோம். முன்னணி 250 பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தம் மதிப்புச் சங்கிலியைப் பற்றியும் அறிக்கை தர வேண்டும் என 2023-இல் செபி வகுத்தது. 2025-இலோ அதை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டது. கொள்முதலிலோ விற்பனையிலோ தனித்தனியே 2 விழுக்காடாவது உடையவர்களே சங்கிலியில் சேர்வர் என்றும் சுருக்கியது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பொத்தான் தைக்கும் பெண், எந்த நிறுவனத்தின் கொள்முதலில் 2 விழுக்காடு? ஒரே வரையறையில் அவர் சங்கிலியிலிருந்து கழற்றப்பட்டார். சொல்லில் இல்லாதவர் தரவில் வாரார். தரவில் வாராதவர் ஆய்வேட்டிலும் வாரார்.

ஆகவே, இத்துறையில் ஆய்வு செய்வோரிடமும் நெறியாள்வோரிடமும் என் வேண்டுகோள் ஒன்றே. ‘இடர்’ என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் ‘யாருக்கு’ என்பதையும் எழுதுங்கள். எழுத முடியவில்லையெனில், அந்த ஆய்வு யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.