இடமாற்றம் தீர்வன்று

காட்டானை ஊருக்குள் புகுந்து உயிரையும் உடைமையையும் அழிக்கும்போது, அதனைப் பிடித்து அகற்றுக என்று மக்கள் குரலெழுப்புவது இயல்பு. இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல், சாந்தம்பாறை ஊர்களில் அக்குரல் பல்லாண்டுகள் ஒலித்தது. அரிசியைத் தேடி ரேஷன் கடையையும் குடியிருப்புகளையும் இடித்துவந்த அரிக்கொம்பன் என்னும் ஆண் யானையை அகற்றுமாறு அவர்கள் கேட்டதில் பிழையேதும் இல்லை. அகற்றினால் இடர் தீரும் என்று நம்பியதே பிழை.

2023-இல் நிகழ்ந்தவற்றை வரிசையாக நோக்குவோம். யானையைப் பிடித்துக் கும்கியாக்க வனத்துறை முனைந்தது. கேரள உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்தது. வல்லுநர் குழுவின் பரிந்துரையை ஏற்றுப் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்தில் விடுமாறு பணித்தது. அங்குள்ளோர் கொதித்தெழுந்தனர். இடுக்கியின் இடரைப் பாலக்காடு ஏன் சுமக்க வேண்டும் என்னும் அவர்களது வினாவுக்கு நேர்மையான விடை எவரிடமும் இல்லை. முடிவில் பெரியாறு புலிகள் காப்பகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏப்ரல் 29 அன்று நான்கு கும்கிகளின் துணையுடன், மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட யானை, ரேடியோ காலர் பூட்டப்பட்டு மறுநாள் விடியுமுன் அங்கே விடப்பட்டது. சில நாள்களில் அது மேகமலைக்கு வந்தது. மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. அன்று காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மீண்டும் அதனைப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் மேல் கோதையாற்றுப் பகுதியில் விட்டது. செப்டம்பரில் அது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களில் தென்பட்டது. சின்னக்கானல் மக்களின் அச்சம் கம்பத்துக்கும் மாஞ்சோலைக்கும் பரவியதுதான் கண்ட பயன்.

இது முன்கூட்டியே அறியக்கூடாத ஒன்றன்று. இலங்கையில் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் உடனாய்வாளரும், இடமாற்றப்பட்ட 12 ஆண் யானைகளை ஜி.பி.எஸ். காலர் கொண்டு தொடர்ந்து கவனித்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். தேசியப் பூங்காக்களில் விடப்பட்ட அவற்றுள் இரண்டு அங்கேயே கொல்லப்பட்டன. ஏனையவை அனைத்தும் வெளியேறின. சில பிடிபட்ட இடத்துக்கே மீண்டன. சில நெடுந்தொலைவு அலைந்தன. சில புதிய இடத்தில் தங்கின. இடமாற்றத்தால் மோதல் குறையவில்லை, மிகுந்து பரவியது என்பதே அவர்களது முடிவு. நம் நாட்டு நீதிமன்றங்களும் அரசுகளும் இதனைக் கருத்திற் கொண்டிருக்க வேண்டும்.

இடமாற்றம் ஏன் பயனளிப்பதில்லை என்பது யானையின் வாழ்முறையை நோக்கினால் விளங்கும். சிங்கக் கூட்டம் தனக்கென நிலம் வகுத்து, அயற்கூட்டம் நுழையாது காக்கும். யானையின் வழக்கம் வேறு. பெண் யானைகள் மூத்த பெண்ணின் தலைமையில் குட்டிகளோடு கூடித் திரியும். ஆண் பருவமெய்தியதும் பிரிந்துபோகும். மழைக்கும் மேய்ச்சலுக்கும் ஏற்ப அவை வலசை செல்லும் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர். சாந்தம்பாறையை அடுத்த மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்காவின் பரப்போ 12.82 சதுர கிலோமீட்டர்!

யானையின் நிலத்தைச் சுருக்கியவர் யாவர்? ஆனையிறங்கல் நீர்த்தேக்கமும், தேயிலை, ஏலத் தோட்டங்களும் முன்பே அதனைத் துண்டாடியிருந்தன. அதற்கு மேலும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் யானைகள் நடமாடும் சின்னக்கானல் நிலத்தில் 301 பழங்குடிக் குடும்பங்களுக்குக் கேரள அரசு இடமளித்தது. அக்குடும்பங்களுள் பல அச்சத்தால் வெளியேறிவிட்டன. நிலமற்றோர்க்கு நிலம் தருவது அறம். யானைத் தடத்தில் தருவது அவர்களைக் கைவிடுவதாகும். அரிக்கொம்பன் அகன்ற பின்னரும் அங்கே அமைதி வரவில்லை. சக்கைக்கொம்பன் என்னும் மற்றோர் ஆண் யானை இருந்தது; அதனுடன் மோதிப் படுகாயமுற்ற முறிவாலன் கொம்பன் என்னும் யானை 2024 செப்டம்பரில் மாண்டது.

செய்யத்தக்கது யாது என்பதற்குச் சான்று, பரம்பிக்குளத்துக்கு அண்மையில் நம் வால்பாறையிலேயே உள்ளது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவர்தம் குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே யானைக் கூட்டங்களின் போக்கைக் கவனித்துவருகின்றனர். அங்கு மாண்டோருள் பெரும்பாலோர், யானை அருகிலிருப்பதை அறியாது எதிர்ப்பட்டோர் எனக் கண்டனர். அதன் விளைவாகவே கைப்பேசிக் குறுஞ்செய்தியும், கேபிள் தொலைக்காட்சி அறிவிப்பும், தொலைவிலிருந்தே ஏற்றத்தக்க சிவப்பு விளக்குகளும் வந்தன. உயிரிழப்பு குறைந்தது. அதற்கு யானையை நாடுகடத்த வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, ஆனைமலை முதல் மேகமலை வரை கேரளமும் தமிழகமும் கூட்டாக ஒரு நிலையான கண்காணிப்பு அமைப்பை ஏற்படுத்த வேண்டும். எந்தக் கூட்டம் எப்பருவத்தில் எவ்வழி செல்கிறது என்பது அவ்வமைப்பின் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். காலர் தரும் செய்தி, மாநில எல்லையில் நின்றுவிடாமல் உடனுக்குடன் தோட்டத் தொழிலாளியின் கைப்பேசியை எட்ட வேண்டும். அப்பதிவேடு கிட்டாதவரை, யானையை இடம் மாற்றும் ஆணை எதையும் பிறப்பித்தலாகாது.

இப்பணியைச் செய்வோரையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 2023 ஜனவரியில் சாந்தம்பாறைப் பகுதியில், யானைகளை நன்கறிந்த வனக்காவலர் ஒருவர் யானையால் கொல்லப்பட்டார். இரவில் கைவிளக்கோடு முன்செல்லும் இத்தகையோர் பலர் தற்காலிக ஊழியரே. அவர்களுக்கு நிரந்தரப் பணியும், தக்க ஊதியமும், குடும்பத்துக்குக் காப்பீடும் அளிக்க இரு மாநில அரசுகளும் அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.