ஷீராஸ் நகரத்துக் கண்ணாடிகள்

ஈரான் நாட்டின் ஷீராஸ் நகரில் ‘ஷாஹ் சிராக்’ என்னும் புகழ்பெற்ற தர்கா உள்ளது. இமாம் மூஸா அல்காழிம் அவர்களின் புதல்வர் சையித் அஹ்மத் அவர்கள் அங்கு அடக்கமாகியுள்ளார்கள். ஜியாரத்துக்காக உள்ளே நுழைவோர் ஒரு கணம் திகைத்து நிற்பர். சுவர், வளைவு, விதானம் எங்கணும் சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டுகள்! எவருடைய முகமும் அவற்றில் முழுமையாகத் தெரியாது; சிதறல்களாகவே தெரியும்.

இத்தர்காவுக்கு ஒருநாள் முனீர் ஃபர்மான்ஃபர்மாயான் என்னும் அம்மையார் வந்தார். கஸ்வீன் நகரில் பிறந்து, 1940களில் நியூயார்க் சென்று ஓவியம் பயின்று, பெருங்கடைக்கு விளம்பரப் படங்கள் வரைந்து, 1957இல் தாயகம் திரும்பியவர். மேலைநாட்டு நவீன ஓவியம் அவருக்குக் கைவந்த ஒன்று. ஆயினும் அவரை உலுக்கியது, தர்காவில் அரைமணி நேரம் அமர்ந்து கண்ட காட்சியே. அழுது வேண்டுவோரின் அசைவெல்லாம் விதானத்தில் துணுக்குத் துணுக்காக ஓடின. தாமும் அழுதுவிட்டதாக அவர் பின்னர் கூறினார். இத்தகைய ஒன்றை, மக்கள் தம் இல்லங்களில் மாட்டி வைக்கும் அளவில் செய்திட வேண்டும் என்று அங்கேயே எண்ணினாராம்.

இக்கலைக்குப் பாரசீகத்தில் ‘ஆயினாகாரி’ என்று பெயர். வெனிஸிலிருந்து வந்த பெரிய கண்ணாடிகள் வழியிலேயே உடைந்துபோக, துண்டுகளை வீணாக்க மனமின்றிச் சுவரில் பதித்ததால் பிறந்தது என்பர். மெல்லிய துண்டுகளாக வெட்டி, சாந்தின்மேல் சற்றே வெவ்வேறு சாய்வில் பதிப்பார்கள். அந்தச் சாய்வுதான் ஒளியைச் சிதறச் செய்கிறது. தந்தை மகனுக்குக் கற்பித்து வந்த தொழில் இது. அம்மையார், ஹாஜி உஸ்தாத் முஹம்மத் நவீத் என்னும் கைவினைஞருடன் சேர்ந்து பணியாற்றினார். (நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுப்பவர் உஸ்தாத், பாரசீகத்திலோ கைத்தொழிலில் தேர்ந்தவரும் உஸ்தாதே. இதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.) வடிவக் கணக்கு அம்மையாருடையது, வெட்டிப் பதித்த கை உஸ்தாதுடையது. கண்காட்சிகளில் பெரிதாக விளங்குவது ஒரு பெயர் மட்டுமே என்பது என் மனத்தை உறுத்தவே செய்கிறது.

அறுகோணத்தின்மீது அம்மையாருக்குத் தனிப்பற்று உண்டு. அதன் ஆறு பக்கங்களில் ஈகை, பொறுமை, கருணை முதலான ஆறு நற்குணங்களை அவர் கண்டார்.

1979ஆம் ஆண்டுப் புரட்சியின்போது அவர் நியூயார்க்கில் இருந்தார். திரும்ப இயலவில்லை. டெஹ்ரானில் விட்டுவந்த படைப்புகளும், அரிதின் முயன்று சேகரித்த பழைய கண்ணாடி ஓவியங்களும் பறிமுதலாயின. அந்நிய நகரில் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. மனத்தில் கணக்கும் இருந்தது. பதிப்பதற்குப் பழகிய கைகள்தாம் இல்லை. 1991இல் கணவரும் மறைந்தார். பழைய புகைப்படங்களையும் நினைவுப் பொருள்களையும் சிறு பெட்டிகளுக்குள் அடுக்கி அவர் ஒரு வரிசை செய்தார். அதற்கு இட்ட பெயர் ‘மனவேதனை’.

2004இல், எண்பதைத் தாண்டிய வயதில், டெஹ்ரான் திரும்பி மீண்டும் பட்டறை அமைத்தார். மீண்டும் கண்ணாடி வெட்டும் ஓசை! 2015இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, 2017இல் டெஹ்ரானிலேயே நிகாரிஸ்தான் தோட்டத்தில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டதுதான். பறிமுதல் செய்த அதே நகரில், அம்மையார் அதைத் தம் கண்ணால் கண்டார். 2019 ஏப்ரலில் டெஹ்ரானிலேயே காலமானார்.