பொதியல்ல, பிள்ளை

துப்பாக்கி பிடித்துப் பழகிய கைக்குப் பால் போத்தல் பிடிக்கத் தெரியாது. உளவாளிகளைப் பற்றிய நகைச்சுவைக் கதைகளில் கைக்குழந்தை வரும்போதெல்லாம் நம்மைச் சிரிக்கவைப்பது இந்த முரண்தான். 2007 முதல் 2012 வரை அமெரிக்காவின் என்.பி.சி. அலைவரிசையில் ஒளிபரப்பான 'சக்' தொடரும் இதைக் கையாண்டது. இலத்திரனியல் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞனின் தலைக்குள் அரசாங்க இரகசியங்கள் எல்லாம் புகுந்துவிட, அவனைக் காக்க வருகிறாள் ஸாரா என்ற சி.ஐ.ஏ. உளவாளி. தொடரின் ஒவ்வோர் அங்கத்துக்கும் 'சக் எதிர்' என்றே தலைப்புத் தொடங்கும். 2011 டிசம்பர் 30இல் வந்த அங்கத்தின் பெயர் 'சக் எதிர் குழந்தை'.

சக்கைச் சந்திக்குமுன் ஸாராவுக்கு புடாபெஸ்ட் நகரில் ஒரு வேலை தரப்படுகிறது. 'பொதி' ஒன்றை மீட்டுவர வேண்டும். போய்ப் பார்த்தால் அந்தப் பொதி ஒரு பச்சிளங்குழந்தை! பெருஞ்செல்வத்துக்கு வாரிசு. அந்தச் செல்வத்தின்மேல் கண் வைத்தவன் வேறு யாருமல்லன், ஸாராவை அனுப்பிய மேலதிகாரி ரைக்கர்தான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தப்பி ஓடுகிறாள்.

அந்த ஒரு சொல்லே எனக்கு இந்த அங்கத்தின் உயிர். பொதி என்று சொன்னால் விலை பேசலாம், கைமாற்றலாம். பிள்ளை என்று கண்டுகொண்டால் அது பசிக்கு அழும், உறக்கம் கேட்கும். ஸாரா மீறியது மேலதிகாரியின் கட்டளையை மட்டுமல்ல, அவனுடைய சொல்லையும்தான்.

ஆயினும் எனக்கொரு மனக்குறை உண்டு. ஸாரா குழந்தையைத் தன் தாய் எம்மாவிடம் ஒப்படைக்கிறாள். ஒளிவிடம் வெளிப்பட்டுவிடக் கூடாதென்று தாயைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறாள். அது பெரிய தியாகந்தான். ஆனால் அந்த ஆண்டுகளில் மொலி என்ற அந்தப் பிள்ளைக்குச் சோறூட்டியது யார்? காய்ச்சல் இரவுகளில் கண்விழித்தது யார்? கேள்வி கேட்காமல் கதவைத் திறந்த எம்மாதான். கதை அந்த ஆண்டுகளைத் தாண்டிக் குதித்து, ரைக்கர் மீண்டும் தேடி வரும்போதுதான் நம்மை உள்ளே அழைக்கிறது. சண்டைக்குக் கமரா உண்டு, வளர்ப்புக்கு இல்லை.

'நகைச்சுவைத் தொடரில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?' என்று நீங்கள் கேட்கக்கூடும். எதிர்பார்க்கலாம், தோழியரே. பாதுகாப்பு என்றால் எதிரியை வீழ்த்துவது என்றே திரைகள் நமக்குப் பழக்கிவிட்டன. ரைக்கரை வீழ்த்த ஓர் இரவு போதுமாயிருந்தது. மொலியை அச்சமறியாத சிறுமியாக வளர்க்க ஆண்டுகள் வேண்டியிருந்தன. அந்த ஆண்டுகளையும் வீரம் என்று சொல்லத் துணியும் ஓர் அங்கத்தை இனியாவது யாரேனும் எழுதட்டும். சிரிப்புக்கு அதிலும் குறைவிருக்காது.