நிழலைத் தொழுத நாடு

திருவல்லிக்கேணியில் 1935-ல் பிறந்தவர் சுஜாதா என்கின்ற ரங்கராஜன். அவர் ஆனந்த விகடனில் எழுதிய "என் இனிய இயந்திரா" 1990-களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் தொடர் நாடகமாகவும் வந்தது. ஜனங்கள் ஜீனோ என்னும் இயந்திர நாயைக் கண்டு மகிழ்ந்தார்கள். மகிழட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் கதையின் சாரம் நாயில் இல்லை.

ஜீவா என்பவனை நாடே தலைவனென்று தொழுகின்றது. பிள்ளை பெறுவதற்குக்கூட சர்க்காரின் அனுமதி வேண்டும். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஒரு ஆளே கிடையாது! ஒளியினால் காட்டப்பட்ட வெறும் பிம்பம். ஆட்டுவிக்கின்றவர்கள் வேறு ஆட்கள்.

1953-ல் லண்டன் பி.பி.சி. ஆறு வாரம் காட்டிய குவாட்டர்மாஸ் நாடகத்தில் ஆபத்து ஆகாயத்திலிருந்து வந்தது. இங்கேயோ கும்பிடுகின்ற கையிலிருந்தே வருகின்றது. இத்தனைக்கும் சுஜாதா நம்மவரல்லர். ஆழ்வார்களுக்கு அறிமுக நூல் எழுதியவர்!

"பிம்பத்துக்கு வயிறு ஏது, படையல் யாருக்கு?" என்று நாம் கேட்டால் கோபிக்கின்றவர்கள், அதையே நாடகமாகக் காட்டினால் காப்பி குடித்துக்கொண்டே பார்க்கின்றார்கள். பார்த்துவிட்டு மறுநாள் பார்த்தசாரதி கோவில் வரிசையில் நின்ற தோழர்களைக் கேட்கின்றோம்: ஜீவாவுக்குப் பின்னால் ஆள் இருந்தது தெரிந்துகொண்டீர்களே, இங்கே திரைக்குப் பின்னால் இருப்பது யார்?