நடுக்கம் எங்கே பிறக்கிறது?

மோட்டார் சைக்கிளில் பின் ஸீட்டில் உட்கார்ந்து போகிறவர்களுக்கும் வாய் உண்டு, அதைத் திறக்க உரிமையும் உண்டு என்று சொல்லவே இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பெரிய வண்டி இருக்கிறது. தூரப் பிரயாணத்துக்கென்றே வாங்கியது. ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின். முன்பெல்லாம் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போய் இறங்கினால் எனக்கு நன்றாகப் பசி எடுக்கும். வேறு உபத்திரவம் இல்லை. சென்ற வருஷம் அதற்கு ஒரு நடுக்கம் வந்தது. கால் வைக்கும் கட்டை வழியாக என் முழங்கால் வரை ஏறும். பக்கத்துக் கண்ணாடியில் தெரிகிற லாரி, தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி கலங்கும். மகாபலிபுரம் தாண்டுவதற்குள் அவருக்கு விரல்கள் மரத்துப் போகும். மரத்த விரலால் பிரேக்கைப் பிடிப்பது எப்படி? எனக்கு அதுதான் கவலை.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள். நடுக்கம் போகவில்லை. செயினை மாற்றினார்கள், போகவில்லை. பின் டயரும் புதிதாயிற்று, பணம்தான் போயிற்று. கடைசியில் அவர், "விற்றுவிடலாம்" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்ணைப் புக்ககத்துக்கு ரயிலேற்றுகிற தகப்பனார் முகம்தான்.

"டாக்டரிடம் போனால், வலி எப்போது வருகிறது என்றல்லவா முதலில் கேட்கிறார்? இந்த வண்டியை யாராவது அப்படிக் கேட்டார்களா?" என்றேன்.

"நீதான் கேளேன்!" என்றார்.

கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், சாலை காலியாக இருந்த நேரத்தில் புறப்பட்டோம். அவர் வேகத்தைச் சொல்லுவார். நான் நடுக்கத்தைச் சொல்லுவேன். டீக்கடையில் நிறுத்தி, பால் கணக்கு நோட்டில் எழுதினேன். ஐந்தாவது கியரில் 70 கிலோமீட்டர் வேகத்தில் நடுக்கம் வந்தது. அங்கேயே கிளட்சைப் பிடித்து வண்டியை உருளவிட்டதும் நின்றது. நாலாவது கியரில் 57-லேயே வந்துவிட்டது. வீடு திரும்பி, ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் இஞ்சினை மட்டும் முடுக்கினோம். அப்போதும் வந்தது!

இதற்கு என்ன அர்த்தம்? கோளாறு சக்கரத்திலோ டயரிலோ இருந்தால், எந்தக் கியரானாலும் ஏறக்குறைய அதே வேகத்தில் வரவேண்டும். கிளட்சைப் பிடித்தாலும் போகாது. கியருக்குக் கியர் வேகம் மாறினால், இஞ்சின் பக்கம்தான் தேடவேண்டும். டயருக்குக் கொடுத்த பணத்தை இந்த ஒரு நோட்டு மிச்சப்படுத்தியிருக்கும்.

ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின் கொஞ்சம் நடுங்குவது பிறவிக் குணம். நிமிஷத்துக்கு 3600 சுற்று என்றால், பிஸ்டன் விநாடிக்கு 60 தடவை மேலே ஓடிக் கீழே திரும்புகிறது. எதிர் எடை வைத்தாலும் அந்த உதறலை முழுவதும் ஈடுகட்ட முடிவதில்லை. 1923-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் தங்கள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பிஸ்டன்களை எதிரெதிராக ஓடவிட்டு, ஒன்றின் உதறலை மற்றொன்றால் அடக்கினார்கள். 1967-ல் வந்த இங்கிலாந்தின் நார்ட்டன் கமாண்டோவிலோ, இஞ்சினையே ரப்பர் மேல் உட்கார்த்தி வைத்தார்கள்.

ஆனால் பிறவிக் குணம் வேறு, புதிதாக வந்த வியாதி வேறு. மாவு அரைக்கிற கிரைண்டரின் ஒரு கால் தரையில் படாவிட்டால் என்ன ஆட்டம் ஆடுகிறது! கல்லையா மாற்றுகிறோம்? காலைத்தானே பார்க்கிறோம்!

என் நோட்டைப் படித்த மெக்கானிக் இஞ்சினைப் பிரிக்கவில்லை. இஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கிற போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். பெட்ரோல் டாங்கைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. இஞ்சினின் தலையைச் சட்டத்தோடு பிடிக்கிற இரும்புப் பட்டையில், போல்ட் துளைக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல்! புதுப் பட்டை போட்டு, போல்ட்டுகளைக் கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முடுக்கினார். டயர் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை. "இப்படியே ஓட்டியிருந்தால் மற்ற போல்ட்டுகளும் தளர்ந்திருக்கும், அம்மா" என்றார்.

ஆகையால், வண்டி நடுங்கினால் உடனே சாமான் வாங்க ஓடவேண்டாம். எந்தக் கியரில், எந்த வேகத்தில், கிளட்சைப் பிடித்தால் நிற்கிறதா என்று முதலில் எழுதி வையுங்கள். முன்னால் இருப்பவருக்குச் சாலையைப் பார்க்கிற வேலை இருக்கிறது. இந்த வேலையை நாம் செய்யலாமே!

சென்ற மாதம் மறுபடியும் புதுச்சேரி போனோம். இறங்கியதும் அவர் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார். எனக்கு நன்றாகப் பசி எடுத்தது.